ஐந்தாம் எண் முதுகு

புதுக் காலுறை ஜோடியைப் பிரித்ததும் அவர் செய்கிற முதல் வேலை, அதன் பாதத்தை வெட்டி எறிவது. கணுக்கால் வரும் இடத்தில் கத்தரிக்கோலை நுழைத்து ஒரே இழுப்பு. வெட்டுப்பட்ட இரண்டு பாதங்களும் பெஞ்சுக்கு அடியில் விழும். மிச்சமிருக்கும் குழாயை முழங்கால் வரை ஏற்றிவிட்டு, பாதத்துக்கு மட்டும் வேறொரு மெல்லிய காலுறையை மாட்டிக்கொள்வார். அடியில் ரப்பர்ப் புள்ளிகள் வைத்தது. அப்போதுதான் பூட்ஸுக்குள் கால் வழுக்காதாம். அணியின் துணிமணிகளைக் கவனிக்கிறவர் ஒவ்வொரு ஆட்டத்தன்றும் இதைப் பார்த்து வயிறெரிவார். "நல்ல துணிய இப்படி நாசம் பண்றியே, கை அரிக்குதா உனக்கு?" என்பார். "கை இல்லண்ணே, கால்தான் அரிக்குது" என்று பதில் வரும். அப்புறம் இரண்டு புருவத்திலும் வாஸலின் பூசிக்கொள்வார். பந்தைத் தலையால் முட்டப் பாயும்போது எதிராளியின் மண்டை இடித்தால் தோல் கிழியாமல் வழுக்கிப் போகட்டும் என்பதற்காக. பூசி முடித்தபின், போட்டோவுக்கு உட்கார்ந்தவர் போலக் கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார்.

வயது முப்பத்தேழு. தொழில் கால்பந்தாட்டம். அதிலும் தடுப்பாட்டம். கோல் அடித்துப் பேர் வாங்குகிறவர்கள் வேறு. அடிக்க விடாமல் கெடுப்பது இவர் பிழைப்பு. அந்தப் பிழைப்புக்காக கிளப் மாறிக் கிளப், நாடு மாறி நாடு என்று அலைந்திருக்கிறார். ரசிகர்கள் "சூட்கேஸ்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். எப்போதாவது பந்து இவர் தலைக்கு மேல் போய்விட்டால், "சூட்கேஸ், ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு" என்று மேல்வரிசையிலிருந்து குரல் வரும். அவரும் சளைக்காமல், கடிகாரம் கட்டாத மணிக்கட்டைத் தூக்கி ஒருமுறை பார்த்துவிட்டு, ஆட்டத்துக்குத் திரும்பிவிடுவார்.

பனி பெய்கிற ஊரில் ஆரஞ்சு நிறப் பந்தைத் துரத்தியிருக்கிறார். வெயில் கொளுத்துகிற ஊரில், பகலில் தரையில் கால் வைக்க முடியாது என்பதால், விளக்கு வெளிச்சத்தில் மட்டும் ஆடியிருக்கிறார். துறைமுகத்தை ஒட்டிய மைதானமொன்றில் கப்பல் ஊதிய சத்தத்தை ரெஃப்ரியின் விசில் என்று நினைத்து அப்படியே நின்று, கோல் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். மலையுச்சியில் ஒரு கிளப். அங்கே காற்று மெல்லியது. உதைத்த பந்து நினைத்ததைவிடத் தூரம் போகும். "முதல் மாசம் பூரா பந்து எனக்குப் பின்னாடியே விழுந்துது. எனக்குத்தான் வயசாயிடுச்சுன்னு அழுகையா வந்துது. அப்புறம்தான் சொன்னாங்க, அந்த ஊர்க் காத்தே அப்படித்தான்னு" என்பார். மூக்கு இரண்டு முறை உடைந்தது, இரண்டும் வெவ்வேறு நாட்டில். "என் மூக்குல ரெண்டு நாட்டு முத்திரை இருக்கு" என்பது அவருடைய பழைய ஜோக். எந்த மொழியிலும் இலக்கணம் தெரியாது. ஆனால் 'விடு', 'என்னோடது', 'பின்னாடி ஆள்', 'மன்னிச்சுக்கோ' என்ற நான்கும் போன ஊர் மொழியெல்லாவற்றிலும் வரும். "இந்த நாலு போதும், குடும்பமே நடத்தலாம்" என்று சொல்லிவிட்டு மனைவி காதில் விழுந்ததா என்று திரும்பிப் பார்ப்பார்.

இவரை மிக நெருக்கத்தில் பார்த்துவருகிறவர், இப்போதைய அணியின் கோல்கீப்பர். கீப்பருக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். ஆனால் மனிதர் பிறந்ததிலிருந்து இந்த ஊரைவிட்டு நகர்ந்ததில்லை. கிளப் மைதானத்துக்குப் பின்தெருவில் வீடு. டவுசர் போட்ட காலத்தில் உள்ளே நுழைந்தவர், இன்னும் வெளியே வரவில்லை. வேறு இடத்திலிருந்து அழைப்பு வந்தபோதெல்லாம் ஏதோ காரணம் சொல்லித் தட்டிவிட்டார். அணிக்குள் அவருக்கு "வீட்டோட மாப்பிள்ளை" என்று பெயர். அதைச் சுருக்கி எல்லோரும் "மாப்ள" என்கிறார்கள்.

போன வருடம் சூட்கேஸ் வந்து சேர்ந்தபோது கீப்பருக்கு ஆளைக் கண்டாலே ஆகவில்லை. "ஊர் ஊரா சுத்தினவனுக்கு எந்த ஊர் மேல ஒட்டுதல் இருக்கும்? நாலு மாசம் ஆடுவான், நடையக் கட்டுவான்" என்று மனைவியிடம் பொருமினார். பயிற்சியில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்த மனிதரோ அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. பல வீடுகளில் விருந்தாளியாக இருந்து பழகியவர். முகம் சுளிப்பதற்கெல்லாம் கோபித்துக்கொண்டால் அவர் பாதிநாள் பட்டினி கிடந்திருப்பார்.

ஆட்டத்தின்போது கோல்கீப்பருக்குத் தன் தடுப்பாட்டக்காரரின் முகம் தெரியாது. முதுகுதான் தெரியும். மஞ்சள் ஜெர்சி, அதில் பெரிய ஐந்து, அதற்கு மேலே வெயிலில் கறுத்த ஒரு கழுத்து. மாதக்கணக்கில் பார்த்ததில் கீப்பர் அந்த முதுகைப் படிக்கக் கற்றுக்கொண்டார். கழுத்து லேசாக இடப்பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் ஆபத்து வருகிறது என்று பொருள். அவர் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு விரல்களை விரித்தால், இருந்த இடத்தில் இரு. மூடினால், முன்னால் வா. கட்டைவிரல் மட்டும் ஆடினால், அவருக்குப் பயமாக இருக்கிறது. இந்தக் கடைசி அர்த்தத்தை யாரும் சொல்லித் தரவில்லை, கீப்பராகவே கண்டுபிடித்தார். கண்டுபிடித்த நாளிலிருந்து அந்த மனிதரைப் பிடித்துவிட்டது.

பிடித்தது மெல்ல வியப்பாக மாறியதற்கு ஓர் ஆட்டம் காரணம். எதிரணியில் ஒரு பையன், மானாகப் பாய்கிறவன். அவனை நிறுத்த ஊரே திணறிக்கொண்டிருந்த நேரம். பந்தோடு தனியாகக் கிளம்பி வந்தான். மற்ற தடுப்பாட்டக்காரர்கள் என்றால் விழுந்து புரண்டு காலை நீட்டியிருப்பார்கள். இவர் அவன் பக்கத்தில் கூடவே ஓடினார், அவ்வளவுதான். தொடக்கூட இல்லை. வழி கேட்டவரைப் பஸ் ஸ்டாண்ட் வரை கொண்டுபோய் விடுகிற மாதிரி, அவனை மெதுவாக ஓரம் கட்டி ஓரம் கட்டி, மைதானத்தின் மூலைக்கொடி வரை கூட்டிக்கொண்டு போய் விட்டார். அங்கே போனபின்தான் பையனுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது. பந்து தானாக வெளியே உருண்டது. இவருடைய ஜெர்சியில் ஒரு புல் கறை இல்லை. கீப்பர் கையுறையைக் கழற்றிவிட்டுத் தலையைச் சொறிந்தார். இத்தனை வருடம் கோலுக்குள் நின்றும், அப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை.

"எப்படிடா செஞ்ச?" என்று பிறகு கீப்பர் கேட்டார்.

"அவன் அண்ணன்கூட நான் ஒரே ரூம்ல இருந்திருக்கேன். அந்தக் குடும்பத்துக்கே அவசரம் வந்தா வலது பக்கம்தான் போகத் தோணும். ரோட்டுலகூட அப்படித்தான் நடப்பாங்க" என்றார் சூட்கேஸ்.

ஊர் ஊராகச் சுற்றியதில் அவர் சேர்த்தது இதுதான். எந்த அணியை எடுத்தாலும் அதில் ஒருவன் இவரோடு ரூமில் இருந்திருப்பான், இல்லாவிட்டால் இவர் மூக்கை உடைத்திருப்பான். மூக்கை உடைத்தவன்தான் ஆட்டம் முடிந்ததும் முதலில் வந்து கட்டிக்கொள்வான்.

வீட்டில் மனைவியும் ஒரு பெண்ணும். மனைவி நர்ஸ். எந்த ஊருக்குப் போனாலும் ஆஸ்பத்திரி இருக்கும், வேலை கிடைத்துவிடும். பெண்ணின் பாடுதான் திண்டாட்டம். பாதி வருடத்தில் ஸ்கூல் மாறுவது, பாதி நடத்தின பாடத்தில் போய் உட்காருவது, தோழி என்று ஒருத்தி அமைகிற நேரத்தில் லாரி வந்து வாசலில் நிற்பது. இப்போது அவளுக்குப் பதினைந்து வயது. இந்த ஊரில், கீப்பரின் மகளோடு ஒரே வகுப்பு. இரண்டும் ஒரே குடை, ஒரே டிபன் டப்பா, சிரிப்புகூட ஒரே மாதிரி என்று ஆகிவிட்டது. கீப்பர் வீட்டுக்குப் போனால் இரண்டு பெண்கள் இருக்கும், இல்லாவிட்டால் ஒன்றும் இருக்காது.

சீசன் முடிகிற கட்டத்தில் அணியின் நிலைமை மோசமாகிவிட்டது. கடைசி ஆட்டத்தில் தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான். இறங்கினால் சூட்கேஸின் ஒப்பந்தம் தன்னால் ரத்தாகிவிடும். அப்படித்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். முப்பத்தேழு வயதில் அந்த ஊரில் வேறு கிளப் எது? மறுபடியும் லாரிதான். இதை அவர் வீட்டில் சொன்னபோது கீப்பரும் அங்கே இருந்தார், மகளை அழைத்துப்போக வந்தவர்.

பெண் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. "நீங்க போங்கப்பா. நான் இந்தத் தடவை வரல."

"தனியா எப்படிம்மா இருப்பே?"

"எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு எல்லா ஊர்லயும் ஆஸ்பத்திரி இருக்கு. உங்களுக்கு எல்லா ஊர்லயும் கிரவுண்ட் இருக்கு. எனக்கு இங்க மட்டும்தான் ஆள் இருக்கு."

மனைவி, "விடுங்க, அப்புறம் பேசலாம்" என்று பேச்சை மாற்றினாள். ஆனால் அவளும் மகள் பக்கம்தான் என்பது முகத்தில் தெரிந்தது. சூட்கேஸ் தண்ணீர்க் குவளையைத் தொட்டபடி உட்கார்ந்திருந்தார். கட்டைவிரல் மேசைமேல் ஆடிக்கொண்டிருந்ததைக் கீப்பர் மட்டும் பார்த்தார்.

கடைசி ஆட்டம் எங்கே வந்து விழ வேண்டும்? சூட்கேஸ் முன்பு ஆடிய ஒரு கிளப்பின் மைதானத்தில் வந்து விழுந்தது. அவர் நான்கு வருடம் நிலைத்து நின்ற ஒரே இடம் அது; அங்கே கேப்டனாகவும் இருந்தார். அவர்களுக்கும் இதே கதிதான். அவர்கள் பிழைக்க ஜெயிக்க வேண்டும். இவர்கள் பிழைக்க ஆட்டம் சமனில் முடிந்தால் போதும். இரண்டில் ஒருவர் கட்டாயம் கீழே போவார்கள்.

போகிற வழியில் நெரிசல், பஸ் தாமதம். இவர்கள் வந்து இறங்கும்போது உள்ளூர் அணி மைதானத்தில் உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தது. சூட்கேஸ் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. எப்போதும் போல முதலில் தனியாகப் போய், தான் நிற்கப்போகும் இடத்தின் புல்லை வெறுங்காலால் மிதித்துப் பார்த்துவிட்டு, பூட்ஸையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். நேரமாகியும் ஆளைக் காணோம். கோச் கூப்பிடுகிறார் என்று கீப்பர் தேடிக்கொண்டு போனார். நடைபாதையில் எதிரெதிராக இரண்டு அறைகள். வந்தவர்களுக்கு வலது பக்கம், வீட்டுக்காரர்களுக்கு இடது பக்கம். இடது பக்கக் கதவு திறந்திருந்தது. காலியான அந்த அறையில், மூலை பெஞ்சில், சூட்கேஸ் நிம்மதியாக உட்கார்ந்து புதுக் காலுறையின் பாதத்தை வெட்டிக்கொண்டிருந்தார்.

நான்கு வருடம் உட்கார்ந்த இடம். யோசனையில் இருந்த மனிதரைக் கால் தானாகவே கொண்டுபோய் அங்கே உட்கார வைத்துவிட்டது. ஊர் மாறுகிறவனுக்கு மட்டுமே வருகிற தவறு அது. வீட்டோட மாப்பிள்ளைக்கு ஆயுசுக்கும் வராது.

"டேய், இது அவங்க ரூம்" என்றார் கீப்பர்.

சூட்கேஸ் சுற்றும் முற்றும் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார், கொக்கியில் தொங்கிய வேறொருவன் சட்டையைப் பார்த்தார். காது சிவந்துபோயிற்று. எழுந்தவர், எதிர்ச் சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அங்கே வெள்ளைப் பலகை. அதில் நீல மையில் அன்றைய திட்டம்.

கீப்பரும் திரும்பிப் பார்த்தார். கார்னர் கிக் படம். மைதானத்தின் மூலையிலிருந்து பந்து உயரமாக வரும்போது, இரண்டு பேர் கீப்பருக்கு முன்னால் சுவர் மாதிரி நின்று அவரை நகரவிடாமல் செய்ய வேண்டும். அதே நேரத்தில் மூன்றாவது ஆள் தூரத்திலிருந்து ஓடி வந்து, ஐந்தாம் எண்ணுக்கு இடது பக்கமாகப் பின்னால் நுழைய வேண்டும். அம்புக்குறிக்குக் கீழே பெரிய எழுத்தில்: "5 - இடது முட்டி. திரும்ப மாட்டான்."

அந்த இடது முட்டியை இதே கிளப்பில் ஆடும்போதுதான் அறுத்துத் தைத்தார்கள். அதன் பிறகு அந்தக் காலை ஊன்றி அவரால் சட்டென்று திரும்ப முடியாது. வெளியே யாருக்கும் தெரியாமல் நடையிலும் யுக்தியிலும் மறைத்து வைத்திருந்த விஷயம். தெரிந்தவர்கள் எழுதிவிட்டார்கள்.

கீப்பருக்கு உள்ளே ஒரு துள்ளல். அல்வா மாதிரி கையில் வந்து விழுந்திருக்கிறது. "போட்டோ எடுத்துக்கறேன் இரு" என்று போனை எடுத்தார்.

"வேணாம் மாப்ள" என்றார் சூட்கேஸ். சொல்லிக்கொண்டே பலகையிடம் போய், டஸ்டரை எடுத்து, மேலிருந்து கீழாக நிதானமாக அழித்தார். மூலையில் ஒரு அம்புக்குறி போகாமல் அடம்பிடித்தது. அதை உள்ளங்கையால் தேய்த்தார்.

கீப்பர் போனைக் கையில் பிடித்தபடி நின்றார். அவர் ஏன் என்று கேட்பதற்குள் வாசலில் உள்ளூர் அணியின் கோச் வந்து நின்றார். சூட்கேஸுக்கு நான்கு வருடம் ஆட்டம் சொல்லிக் கொடுத்தவர். வெற்றுப் பலகையையும், டஸ்டரையும், நீல மை படிந்த கையையும் பார்த்தார்.

"தப்பா வந்துட்டேன் சார்" என்றார் சூட்கேஸ். "பழைய ஞாபகத்துல கால் இங்க வந்துருச்சு. போர்டைப் பாத்துட்டோம், ரெண்டு பேருமே. அதான் அழிச்சிட்டேன். நீங்க வேற போட்டுக்கங்க."

கோச் டஸ்டரை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தார். பிறகு, "முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நீங்க எழுதியிருந்த மாதிரியேதான் சார் இருக்கு."

இந்தப் பதிலைக் கேட்டபோது கீப்பருக்குச் சிலிர்த்தது. ஒரு மனிதன் தன் உடம்பில் எங்கே அடித்தால் விழுவான் என்பதை அடிக்கப் போகிறவரிடமே ஒப்புக்கொண்டு, பெட்டியையும் கீழே கிடந்த காலுறைத் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு, "வரேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போகிறான். கீப்பர் எத்தனையோ சூரர்களைப் பார்த்திருக்கிறார். இது வேறு ரகம்.

சிலிர்ப்பு நடைபாதை வரைக்கும்தான். வெளியே வந்ததும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சட்டையைப் பிடிக்காத குறைதான்.

"உனக்கென்ன பைத்தியமா? பேசாம வந்திருந்தா யாருக்குத் தெரியும்? உன் பொண்ணு சொன்னது மறந்துபோச்சா?"

"மறக்கல."

"பின்ன?"

சூட்கேஸ் சுவரில் சாய்ந்துகொண்டு பூட்ஸை மாட்டினார். "நான் இதுவரைக்கும் ஆடின எந்த கிளப்புக்கும் இன்னிக்குப் போய் வாசல்ல நின்னாலும் உள்ள வான்னு கூப்பிடுவாங்க மாப்ள. சொந்தமா ஒரு வீடு இல்ல எனக்கு. அதுதான் இருக்கு. இந்த ஊர்ல என் பொண்ணு நிக்கணும்னு எனக்கும் கொலை ஆசைதான். அதுக்காக நான் உட்கார்ந்த இடத்துலயே கை வெச்சா, அப்புறம் அவளுக்கு எந்த முகத்தோட சோறு போடுவேன்?" லேஸை இறுக்கினார். "நம்ம கோச்கிட்ட சொல்லணும்னா சொல்லிக்கோ. நான் தடுக்க மாட்டேன்."

கீப்பர் தங்கள் அறைக்குப் போனார். கோச் எதிரே நின்றார். என்னய்யா என்று கோச் கேட்டபோது, "ஒண்ணுமில்ல, பாத்ரூம் போயிருந்தோம்" என்று சொல்லிவிட்டார். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே விளங்கவில்லை.

ஆட்டம் நெடுக உள்ளூர் அணி அலையலையாக வந்தது. சூட்கேஸ் கழுத்தைச் சாய்த்தார், விரலை விரித்தார், மூடினார், ஒவ்வொருவனையும் ஓரம் கட்டிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். நேரம் ஆக ஆக அந்த முதுகு ஈரமாகி, ஐந்து என்ற எண் சருமத்தோடு ஒட்டிக்கொண்டது. இடது காலை அவர் இழுத்து வைப்பது கீப்பருக்குத் தெரிந்தது. இரண்டு பக்கமும் கோல் விழவில்லை. முடியப்போகும் சமயத்தில் உள்ளூர் அணிக்கு ஒரு கார்னர் கிக் கிடைத்தது. மைதானமே எழுந்து நின்றது.

இரண்டு பேர் வந்து கீப்பருக்கு முன்னால் சுவர் மாதிரி நின்றார்கள். தூரத்தில் ஒருவன் தனியாக நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். கீப்பருக்குப் புரிந்துவிட்டது. அதே படம். பழைய கோச் திட்டத்தை மாற்றவேயில்லை. தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன, அந்த முட்டி திரும்பாது என்று தைரியமாக அதையே போட்டிருக்கிறார்.

சூட்கேஸும் பார்த்தார். ஓரத்தில் நின்ற பழைய கோச்சை ஒருமுறை பார்த்தார். பிறகு அவர் செய்ததை அந்த மைதானத்தில் இருந்த ஒருவரும் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்கள். பந்து வரப்போகும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தன் கோலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"சூட்கேஸ் கிளம்பிட்டான்டா" என்று ஒரு குரல் வர, மேல்வரிசை முழுக்கச் சிரித்தது. சூட்கேஸின் சொந்த அணிக் கோச் கோட்டருகே நின்று தொண்டை கிழியக் கத்தினார். அதெல்லாம் கீப்பர் காதில் விழவில்லை. வருடம் முழுக்க முதுகையே பார்த்துப் பழகியவர், ஆட்டத்துக்கு நடுவே முதன்முறையாக அந்த முகத்தைப் பார்த்தார். புருவத்தில் வாஸலின் மின்னியது. கோணல் மூக்கின் நுனியில் வேர்வை. கண்கள் இரண்டும் கீப்பரின் கண்களில் நட்டு வைத்தது போல நின்றன.

"பந்தை நீ பாரு மாப்ள" என்றார். "நான் உன்னைப் பாக்கறேன்."

மூலையிலிருந்து பந்து கிளம்பியது. கீப்பர் அந்த இரண்டு பேரின் தோளுக்கு மேலாக அதைப் பார்த்தார். வேறொன்றும் செய்ய வழியில்லை. பார்வை மேலே ஏறியது, வளைந்தது, தூரத்துக் கம்பத்தை நோக்கி இறங்கியது. அந்தக் கண்கள் போன வழியே சூட்கேஸ் போனார். திரும்ப வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை; ஏற்கெனவே திரும்பித்தானே நிற்கிறார். நேராக முன்னால் ஓடினார். தனியாகக் கிளம்பி வந்தவன், காலியாக இருக்கும் என்று நம்பிய இடத்துக்கு வந்து சேர்ந்தபோது அங்கே ஐந்தாம் எண் எழும்பிக்கொண்டிருந்தது. பந்து அவர் பின்மண்டையில் பட்டு, கம்பத்தை உரசிக்கொண்டு, வெளியே போய் விழுந்தது. அந்தப் பந்தை அவர் கடைசிவரை கண்ணால் பார்க்கவேயில்லை.

சிரித்த வரிசைகள் சத்தமில்லாமல் நின்றன. மறுபடி ஒரு கார்னர் எடுத்தார்கள். பந்து கீப்பர் கையில் வந்து சேர்ந்தது. ரெஃப்ரி விசில் ஊதிவிட்டார்.

மஞ்சள் ஜெர்சிகள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து புரண்டன. கீப்பர் அந்தக் குவியலில் ஐந்தைத் தேடினார். அங்கே இல்லை. சூட்கேஸ் எதிரணிப் பக்கம் போயிருந்தார். கீழ்ப் பிரிவுக்குப் போகிற தன் பழைய ஆட்கள் புல்லில் குந்தி அழுதுகொண்டிருக்க, அவர்கள் நடுவில் போய் அவரும் குந்தியிருந்தார். ஒருவன் இவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டான். பழைய கோச் அங்கே வந்தார்.

"கடைசிவரைக்கும் நீ திரும்பவே இல்லையேடா" என்றார்.

"திரும்ப மாட்டான்னு நீங்கதானே சார் எழுதினீங்க."

கோச் அவர் பின்மண்டையில், பந்து பட்ட இடத்தில், ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். வலிக்கிற தட்டுதான்.

பஸ்ஸில் கீப்பர் சூட்கேஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கேட்காமல் இருக்க முடியவில்லை. "அழிச்சதும் நீ, அதே திட்டத்த முறிச்சதும் நீ. என்ன கணக்கு இது?"

"எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சேதானே போட்டாரு? இப்ப ஒருத்தர ஒருத்தர் ஏமாத்தல. வெறும் ஆட்டம்தான்" என்றார் சூட்கேஸ். பஸ் கிளம்புமுன் தூங்கிவிட்டார். வாய் பிளந்து தூங்குகிற அந்தக் கோணல் மூக்குக்காரரைக் கீப்பர் வழியெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தார். தன்னைவிட மேலான ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்ற நினைப்பு வந்தது. அதில் பொறாமை துளியும் இல்லாதது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் காலை மகளைக் கொண்டுபோய் விடுவதற்காக சூட்கேஸ் வீட்டுக்குக் காரை ஓட்டினார் கீப்பர். இரண்டு பெண்களும் கட்டிக்கொண்டு ஒரு ஆட்டம் போட்டு முடித்தபின் உள் அறைக்குள் மறைந்துவிட்டன. மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். சூட்கேஸ் இடது காலைத் தாங்கிக்கொண்டு கூடத்துச் சுவரோரம் நின்றிருந்தார். அலமாரிமேல் எப்போதும் சாய்ந்து நிற்கும் சுவர்க் கடிகாரம் ஒன்று உண்டு. அதை ஒரு கையில் எடுத்து வைத்திருந்தார். அந்தக் கூடத்துச் சுவரில் எங்கேயும் ஓர் ஆணி இல்லை என்பது கீப்பருக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது.

"சுத்தியல் இருக்கா மாப்ள உன் கார்ல?"

"வீட்ல இல்லையா?"

"நாங்க எப்பவும் வாங்கினதில்ல."

காரில் சுத்தியல் எங்கே இருக்கும்? டயர் கழற்றுகிற ஸ்பேனர்தான் இருந்தது. கீப்பர் அதை எடுத்துவந்து கொடுத்தார். சூட்கேஸ் கடிகாரத்தை மனைவி கையில் கொடுத்துவிட்டு, ஆணியைச் சுவரில் வைத்து ஓங்கி அடித்தார். ஆணி வளைந்து, உள்ளங்கை அகலத்துக்குச் சுவர்ப் பூச்சு பெயர்ந்து தரையில் விழுந்தது. "ஐயோ, வீட்டுக்காரர் பாத்தா திட்டுவாருங்க" என்றாள் மனைவி. அவர் வளைந்த ஆணியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து இன்னொன்றை எடுத்து, பக்கத்தில் வேறொரு இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, அங்கே வைத்து அடிக்க ஆரம்பித்தார்.